இடது கைக்குத் தெரிந்த விலை

கார்த்திகை 5, செவ்வாய்

இன்று சந்தையில் ஒரு கறவை மாட்டின் விலையைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். துண்டுக்கடியில் என் இடது கையில் விற்கிறவர் விரல் பிடித்து வைத்த விலை அறுபத்திரண்டாயிரம். என் வாயில் வந்தது ஐம்பத்திரண்டு. வாங்குகிறவர் சரியென்று அச்சாரமும் கொடுத்துவிட்டார். மிச்சப் பத்தாயிரத்தை விற்கிறவருக்கு நான் என் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். தரகு பேசுகிறவள் வாக்குத் தவறினால் அப்புறம் சந்தைக்குள் நிற்க முடியாது.

காரணம் எனக்குத் தெரியும். கூட்டம் அதிகம். துண்டு புதுசு, கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. அவ்வளவுதான்.

போன மாதம் தொழுவத்தில் மயங்கி விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மறுநாளே எழுந்து பால் கறந்தவள் நான்.

கார்த்திகை 6, புதன்

காலையில் சேலை கட்டும்போது வலது கை மடிப்பு வைக்க வைக்க, இடது கை உருவி உருவி விட்டது. கன்றை வலது கையால் கட்டினேன், இடது கை முடிச்சை அவிழ்த்தது. கன்று தாயிடம் போய்ப் பாலெல்லாம் குடித்துவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் ராக்கியப்பன் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தார்.

"கன்னுக்குப் பாவம் பார்க்கறியா நஞ்சு?"

"ஆமா மாமா. அதுக்கும் வயிறிருக்குதில்ல."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடந்திருப்பதே வேறு.

கார்த்திகை 8, வெள்ளி

எழுதுகிறது என்று ஆகிவிட்டது, தொழிலையும் எழுதி வைக்கிறேன். மாட்டுச் சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கையின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துச் சொல்வார்கள். முதல் பிடியில் எத்தனை விரலோ அத்தனை பத்தாயிரம். அடுத்த பிடியில் ஆயிரம். ஐந்துக்கு மேல் போனால் கையை முழுக்க ஒரு அமுக்கு, பிறகு மிச்ச விரல். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவனுக்கும் தெரியாது. விற்கிறவர் கேட்கிற விலைக்கும் வாங்குகிறவர் கொடுக்கிற விலைக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் தரகருக்குச் சோறு. மறைக்க ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நான் இந்தச் சந்தைக்குள் வந்தபோது பொம்பளைக்குத் துண்டுக்குள் கை கொடுக்க மாட்டோம் என்றார்கள். ஒருத்தர் காறித் துப்பினார். "விரலை எண்ணத்தானுங்க கையக் கேக்கறேன், கண்ணாலம் பண்ணிக்கவா கேக்கறேன்?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் ஒருத்தர் கையைக் கொடுத்துவிட்டார். கொடுத்தவருக்கு நல்ல விலை வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் கைகள் தானாக வந்தன.

மற்ற தரகர்கள் ஒரு கையால் விற்கிறவரிடம் பேசிவிட்டு, நடந்து போய் வாங்குகிறவரிடம் பேசுவார்கள். நான் நடுவில் நின்று இடது கையை விற்கிறவருக்கும் வலது கையை வாங்குகிறவருக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பேன். இடது கை கொடுப்பது மரியாதையில்லை என்றார்கள். "பால் கறக்க ரெண்டு கையும் வேணும். அதுல எதுங்க மரியாதைக் கை?" என்று கேட்டேன். அன்றிலிருந்து ரெட்டைக் கை நஞ்சக்கா.

அப்படிப் பேர் எடுத்த கைதான் இப்போது பொய் சொல்கிறது.

கார்த்திகை 12, செவ்வாய்

வலது கையை மட்டும் வைத்துப் பேசிப் பார்த்தேன். அதில் தப்பே வரவில்லை. ஆனால் விற்கிறவரிடம் பேசி முடித்து, நாலு மாடு தாண்டி வாங்குகிறவரிடம் போவதற்குள், சுந்தரராசு அவர் கையில் துண்டைப் போட்டுவிட்டான். எனக்குப் பின்னால் வந்த ஆள்தான். தொழில் தெரிந்தவன், வாய் கொஞ்சம் நீளம்.

"அக்கா, ரெட்டைக் கை ஒத்தைக் கை ஆயிருச்சு போலருக்குது?"

"ஒத்தக் கைக்கே நீ ஓடி வந்து நிக்கறியே தம்பி. ரெண்டும் வந்தா எங்க போவ?"

எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் மாடு அவன் பக்கம் போனது. டீக்கடை ஓரம் யாரோ "நஞ்சக்காளுக்குக் கை போச்சு" என்று பேசியது காதில் விழுந்தது. வலது காதில். இடது பக்கம் யார் என்ன பேசினார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றுமே நினைவில் இல்லை. யாரும் பேசவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

கார்த்திகை 14, வியாழன்

ராக்கியப்பனோடு கோயமுத்தூர் டாக்டரிடம் போக ஒத்துக்கொண்டேன். ஒரே ஒரு தடவை. அதுவும் பருத்திக்கொட்டை விலை விசாரிக்க வேண்டியிருக்கிறது என்பதால்.

கார்த்திகை 15, வெள்ளி

மூளை டாக்டர் ஒரு பெண். பேர் பிருந்தா. என் கண்ணைக் கட்டி இடது கையில் ஏதோ வைத்தார். "என்னம்மா இது?" "சீப்பு." அதையே வலது கையில் வைத்தார். சாவி. இடது கையில் இருந்தபோதே அது எனக்குச் சாவியாகத்தான் பட்டது என்று சொல்ல வாய் வந்தது. பட்டதா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

பிறகு இரண்டு காதிலும் ஏதோ மாட்டினார். ஒரு காதில் மட்டும் சத்தம் வந்தால் எந்தக் காதானாலும் சரியாகச் சொன்னேன். ஒரே நேரத்தில் இரண்டு காதிலும் வேறு வேறு சொல் வந்தபோது வலதில் வந்ததை மட்டும் சொன்னேனாம். இடதில் ஒன்றுமே வரவில்லை என்று சத்தியம் பண்ணினேன். ராக்கியப்பன் அந்தக் கருவியைத் தான் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, "வருது நஞ்சு" என்றார். மெதுவாகச் சொன்னார்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் காட்டினார். மூளை இரண்டு பாதி. நடுவில் பாலம் மாதிரி ஒரு நரம்புக் கட்டு. நான் விழுந்த அன்று அந்தப் பாலத்துக்கு ரத்தம் போவது நின்றிருக்கிறது.

"உங்க இடது கை தொடுறது மூளையோட வலது பாதிக்குப் போகுதும்மா. பேசுறது இடது பாதி. சேதி பாலத்தைத் தாண்டி வரணும். வரலை."

"சேதி வரலைன்னா தெரியலைன்னு தானுங்க சொல்லோணும்? நான் எதுக்குத் தப்பாச் சொல்றேன்?"

"பேசுற பாதிக்குத் தெரியலைன்னு ஒத்துக்கப் பிடிக்காது. எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லிரும். அது பொய்னு அதுக்கே தெரியாது."

"எங்க சந்தையிலயும் அந்த மாதிரி நாலு பேர் இருக்காங்க."

டாக்டர் சிரித்தார். பிறகு என் காதுக்கு வந்தார். இரைச்சலில் ஒரு குரலை மட்டும் பிடிக்க வேண்டுமானால் மற்றதை அமுக்க வேண்டும். "நீ இதைப் பிடி, நான் அதை விட்டுடுறேன்" என்று இரண்டு பாதியும் பாலத்தின் வழியாகப் பேசிக்கொண்டால்தான் அது நடக்கும். பேச்சு அறுந்தால் கவனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. ஒரே முதலாளிக்கு வந்த இரண்டு தரகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லையென்றால் ஒரே மாட்டுக்கு இரண்டு பேரும் எதிரெதிராக விலை ஏற்றுவார்கள். கெட்டுப் போவது முதலாளி. என் தலைக்குள் அதுதான் நடக்கிறது.

"சரியாயிருமுங்களா?"

"கொஞ்சம் சரியாகலாம். முழுசும்னு நான் சொல்ல மாட்டேன். சந்தை வேலையைக் கொஞ்ச நாளைக்கு விட்டுடுங்களேன்."

"மாத்திரை எழுதிக் குடுங்க" என்றேன்.

கார்த்திகை 17, ஞாயிறு

விளக்கு வைத்த பிறகு ராக்கியப்பன் தன் பழைய துண்டை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கையக் குடு."

"எதுக்கு?"

"பழகோணுமல்ல. நான்தான் வாங்குறவன், நான்தான் விக்கறவன். ரெண்டு பக்கமும் ஏமாத்துவேன், பாத்துக்க."

"கூலி?"

"அது அப்புறம் பேசிக்கலாம்."

பத்து தடவை வைத்தார். எட்டு தடவை தப்பாகச் சொன்னேன். சரியாக வந்த இரண்டும் குருட்டு அதிர்ஷ்டம். அவர் கை சொரசொரவென்று இருக்கிறது. கட்டி வந்த இத்தனை வருசத்தில் அதைக் கவனிக்க நேரமில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

கார்த்திகை 19, செவ்வாய்

சந்தைக்குப் போகவில்லை. மழை என்று சொல்லி அனுப்பினேன். தூறல்கூட இல்லை.

கார்த்திகை 24, ஞாயிறு

இன்று ஒன்று நடந்தது. ராக்கியப்பன் துண்டுக்குள் என் விரலைப் பிடித்தார். "ரெண்டு" என்றேன். தப்பு. மறுபடி பிடித்தார். "அஞ்சு." தப்பு. எனக்குக் கோபம் வந்து துண்டை இழுத்தேன். அவர் விடவில்லை.

"சொல்லாத. வாயை மூடிக்க. நான் என்ன புடிச்சனோ அதையே நீ எனக்குத் திருப்பிப் புடி."

வாயை மூடிக்கொண்டேன். என் இடது கை அவர் விரல்களைத் தேடிப் போய் நாலைப் பிடித்தது.

"நாலுதான்" என்றார்.

திரும்பத் திரும்பச் செய்தோம். கை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதே நேரம் வாயைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் புளுகுகிறது.

"உன்ற கை கெட்டி நஞ்சு. வாய்தான் கெட்டுது. அது எனக்குக் கண்ணாலம் ஆன நாள்லயே தெரியும்."

துண்டாலேயே அடித்தேன். இடது கையால். அதுவும் குறி தப்பவில்லை.

மார்கழி 3, செவ்வாய்

கைக்குத் தெரிகிறது, வாய்க்குத் தெரியவில்லை. ஆனால் சந்தையில் நான் விலையைப் புரிந்துகொள்ள வேண்டியது வாய் இருக்கிற பாதியில். இடது கையை வெளியே எடுத்து விரலை விரித்துக் கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்கும் தெரியும், சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் தெரியும். பிறகு துண்டு எதற்கு?

இன்று சும்மா போய் நின்றேன். சுந்தரராசு டீ வாங்கிக் கொடுத்தான்.

"அக்கா, வருத்தப்படாதீங்க. மாட்டுப் பல்லு, சுழி, மடி பாக்கறதுல உங்களை அடிக்க ஆளில்லை. எங்கூட நில்லுங்க. மாட்டைப் பாத்து எனக்குச் சொன்னாப் போதும். தினக்கூலி குடுத்தர்றேன். கை வேலை நான் பாத்துக்கறேன்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக எரிந்தது.

"டீ நல்லாருக்குது தம்பி" என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். "உனக்குக் கை வலி வந்தா எங்கிட்ட வா. நானும் தினக்கூலி குடுக்கறேன்."

திரும்பும்போது ஓலப்பாளையத்து மயில்சாமி அய்யா கூப்பிட்டார். அன்று முதல்முதலில் எனக்குக் கை கொடுத்தவர் அவர்தான். அவரிடம் காங்கேயம் காளை ஒரு ஜோடி இருக்கிறது. பொங்கலுக்கு முந்தின பெரிய சந்தையில் விற்கப் போகிறார்.

"அம்மிணி, என்ற மாட்டை இன்னொருத்தன் வித்ததில்லை. இந்தத் தடவையும் உங்கிட்டத்தான் குடுக்கறேன். ஆனா ஊரே பேசுது. அன்னிக்குக் கை தப்புச்சுன்னா, மேல நான் சுந்தரராசு கிட்டத்தான் போவோணும். தப்பா நினைச்சுக்காத."

"தப்பா நினைக்க என்னங்க இருக்குது. யாவாரம்."

அவர் போய்விட்டால் மற்ற கைகளும் அவர் பின்னால் போய்விடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

மார்கழி 6, வெள்ளி

மறுபடி கோயமுத்தூர். பருத்திக்கொட்டை விலை அப்படியேதான் இருக்கிறது.

கை நாலைத் திருப்பிப் பிடித்ததை டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நன்றாகக் கேட்டார். "வலது பாதிக்கு விலை தெரியுதும்மா. அதுக்கு வாய் இல்லை, அவ்வளவுதான்" என்றார். பிறகு ஒன்று சொன்னார். கையில் பட்டால் எதிர்ப் பாதிக்கு மட்டும் போகும். முகத்தில் பட்டால் இரண்டு பாதிக்கும் தெரியும். பாலம் தேவையில்லை. இந்த மாதிரி ஆனவர்கள் சிலர், ஒரு பாதிக்குத் தெரிந்ததை மறு பாதிக்கு உடம்பாலேயே சாடை காட்டிக் கொடுக்கப் பழகிக்கொள்கிறார்களாம்.

"இடது கை பிடிச்ச எண்ணிக்கையை அதே கையால தாடையில தட்டிப் பாருங்க. தட்டினது எத்தனைன்னு பேசுற பாதி எண்ணிக்கும். ஆனா ஒண்ணு, வாயை முந்த விடக் கூடாது."

பஸ்ஸில் வரும்போது ராக்கியப்பன் கேட்டார், "தாடையில தட்டுனா எல்லாரும் பாப்பாங்களே?"

நான் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தேன். துணிக்குள்ளே விரல் தாடையைத் தொட்டது.

அவர் என் முந்தானையைக் காட்டினார். "பாத்தியா? ஆம்பளைங்க ஒரு துண்டு கொண்டாருவாங்க. நீ பொறக்கையிலயே ரெண்டு துண்டோட வந்திருக்கற."

பொம்பளை என்று சொல்லித்தானே கை கொடுக்க மாட்டேன் என்றார்கள்? இப்போது அந்தச் சேலைதான் எனக்குக் கை கொடுக்கிறது. இருக்கட்டும்.

மார்கழி 12, வியாழன்

மாரியம்மன் கோயிலில் விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கி போட்டுவிடுகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு அதன் அடியில் போய் உட்கார்ந்து பழகுகிறோம். வலது காதில் பாட்டு இடிக்கிறது. இடது பக்கம் ராக்கியப்பன் விலை வைக்கிறார். துடைப்பேன், எண்ணுவேன், அப்புறம்தான் வாயைத் திறப்பேன். பத்துக்கு எட்டு வருகிறது. பாட்டு கவனத்தை இழுத்துக்கொண்டு போகிற போதுதான் இரண்டு தப்புகிறது.

பூசாரி வந்து, "கண்ணாலம் ஆகி இத்தனை வருசத்துக்கப்புறம் கோயில்ல வந்து கையப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறீங்களே, கூச்சமில்லையா?" என்றார்.

"விலை பேசறோமுங்க" என்றார் ராக்கியப்பன்.

"எதுக்கு?"

"இவளுக்குத்தான். ஒருத்தனும் வாங்க மாட்டேங்கறான்."

மார்கழி 24, செவ்வாய்

பெரிய சந்தை முடிந்தது. ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. மயில்சாமி அய்யாவின் காளைகளுக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவியிருந்தது. பல்லடத்திலிருந்து லோகநாதன் என்று ஒருவர் வந்திருந்தார், ரேக்ளா வண்டிப் பந்தயப் பிரியர். காளையைப் பார்த்த பார்வையிலேயே வாங்காமல் போக மாட்டார் என்று தெரிந்தது. அதை அவர் மறைக்கப் பார்த்தார். நானும் தெரியாத மாதிரி நின்றேன்.

நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். இரண்டு துண்டும் விழுந்தன.

லட்சத்துக்கு மேல் என்பது சொல்லாமலே தெரிந்தது. அதற்கு மேலே உள்ளதுதான் விரலில். வலது கையில் லோகநாதன் மூன்று பிடித்தார். முப்பது. இடது கையில் மயில்சாமி அய்யா பிடித்தார். உடனே வாய்க்குள் "முப்பத்தி ரெண்டு" என்று வந்து நின்றது. அவ்வளவு தெளிவாக, சத்தியம் மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டேன். இடது கையை எடுத்து முந்தானையால் முகம் துடைத்தேன். தாடையில் நாலு. நின்று, ஐந்து.

நாற்பத்தைந்து.

"அக்கா, என்ன இப்படி வேர்க்குது? மார்கழிங்க்கா!" சுந்தரராசு. சரியாக என் வலது பக்கம் வந்து நின்றிருந்தான்.

மார்கழியில் யாருக்கும் வேர்க்காது என்பதை நானும் ராக்கியப்பனும் யோசிக்கவே இல்லை. பூசாரியின் ஒலிபெருக்கிக்கும் அது தெரியவில்லை.

"உன்ற வாயிலிருந்து வர்ற அனலுக்கு வேர்க்காம குளிருமா? தள்ளி நில்லு."

சிரிப்பு எழுந்தது. ஆனால் அவன் தள்ளி நிற்கவில்லை. "வேர்வையா, விலை மறந்துருச்சா? நாப்பதா, அம்பதா? சொல்லுங்க்கா, அறுவதா?" என்று காதுக்குள் எண்களைக் கொட்ட ஆரம்பித்தான். வலது காது அவனைத் தவிர எதையும் எடுக்கவில்லை. இடது பக்கம் மயில்சாமி அய்யா வாய் அசைந்தது, சத்தமே இல்லை. நாற்பத்தைந்து கரைந்துகொண்டே போனது.

அப்போது ஒன்று தோன்றியது. காதை நான் ஏன் நம்பி நிற்கிறேன்? விலை காதிலா வருகிறது? கண்ணை மூடினேன். அவன் கத்தட்டும் என்று விட்டேன். இடது கையைத் திரும்பத் துண்டுக்குள் விட்டு விலையை வாங்கி, மறுபடி முகம் துடைத்து, தாடையில் பட்டதை மட்டும் எண்ணினேன். மயில்சாமி அய்யாவின் காதில் குனிந்து, "ஒண்ணு நாப்பத்தஞ்சுங்களா?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அதேதான் அம்மிணி."

அதற்குப் பிறகு எல்லாம் தொழில்தான். வலது கையில் லோகநாதனை ஏற்றினேன், இடது கையில் அய்யாவை இறக்கினேன். இடையில் எத்தனை தடவை முகம் துடைத்தேனோ, தாடைத் தோல் எரிகிறது. சுந்தரராசு கத்திக் கத்தித் தொண்டை கட்டி நிறுத்திவிட்டான்.

வலதில் நாற்பத்தொன்று வந்தது. இடதில் முப்பத்தெட்டு. இன்னும் ஓராயிரம் குறைக்கலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் இடது கை அய்யாவின் கையைக் குலுக்கி, விலை படிந்தது என்று சொல்லிவிட்டது. அதற்கு யார் அதிகாரம் கொடுத்தது? கன்றை அவிழ்த்துவிட்ட கைதானே. மயில்சாமி அய்யாவிடம் அதற்கு ஏதோ பழைய கணக்கு இருக்கிறது போல. போகட்டும்.

காளைகளை அவிழ்த்துக்கொண்டு போகும்போது சுந்தரராசு கிட்டே வந்தான். குரல் கரகரத்தது.

"எப்படிங்க்கா?"

"மார்கழில வேர்க்கப் பழகு. சொல்லித் தர்றேன்."

ராக்கியப்பன் கூட்டத்துக்கு வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் கிட்டே வரவில்லை என்று கேட்டேன். கண்ணில் தூசி என்றார். மாட்டுச் சந்தையில் தூசிக்குப் பஞ்சமில்லை, நம்பினேன்.

மார்கழி 25, புதன்

சேலை மடிப்பை இன்றும் இடது கை உருவியது. டாக்டர் சொன்ன மாதிரி முழுசும் சரியாகாது போலிருக்கிறது. உருவட்டும். நான் இரண்டாம் தடவை கட்டிக்கொள்கிறேன்.

விளக்கு வைத்த பிறகு ராக்கியப்பன் துண்டை எடுத்து வந்து உட்கார்ந்தார்.

"பெரிய சந்தைதான் முடிஞ்சுருச்சே மாமா. இனி எதுக்கு?"

"கூலி பேசலையே."

கையைக் கொடுத்தேன். உள்ளே முழுக்கையையும் பிடித்தார். அடுத்த பிடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பழக்கத்தில் முகம் துடைக்கக் கையை இழுத்தேன்.

"எண்ணாத" என்றார்.

கையை விடாமலே கூலியை வாய்விட்டுப் பேசினோம். அவர் அரை மணி நேரம் கேட்டார். நான் கால் மணிக்குக் குறைத்தேன். ஆள் அசையவில்லை. மயில்சாமி அய்யாவைவிடக் கெட்டி.

முடிந்த விலைகளை எழுதிவிடுகிறேன். காளை ஜோடி: விற்றவருக்கு ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம், வாங்கினவரிடம் ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரம், நடுவில் மூவாயிரம் எனக்கு. ராக்கியப்பன் கூலி: ஞாயிற்றுக்கிழமை கறி, என் கையால். தினமும் விளக்கு வைத்த பிறகு துண்டு போட்டு அரை மணி நேரம், இடது கை. தரகு இல்லை.